அலுமாரியில் வைத்த தெரியாமை

படிக்கப் போன முத்தலிபுவைப் பாடம் எழுதுகிற குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள். இதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. கதிரை ஒன்று காலியாகக் கிடந்தது, கால் நோவு, இருந்துவிட்டார். அவ்வளவுதான்.

புத்தளத்துப் பாலாவிச் சந்தியில், லொறிகள் கிளப்புகிற தூசியில் பாதி மறைந்துபோன ஒரு பெயர்ப்பலகை உண்டு. ‘மூத்தோர் இணையக் கொள்வனவு மேம்பாட்டு நிலையம்’. அதற்குக் கீழே, ‘வீட்டிலிருந்தே வாங்கலாம், வாரீர்’ என்று ஓர் அழைப்பு. வீட்டிலிருந்தே வாங்குவதற்கு எதற்கு வரச் சொல்கிறார்கள் என்று முத்தலிபு யோசிக்கவில்லை. உப்பளத்தில் காலத்தைக் கழித்த மனிசன். கூப்பிட்ட இடத்துக்குப் போய்த்தான் பழக்கம்.

அவருக்கு வாங்க வேண்டியது ஒரேயொரு சாமான். மனைவி ஜுனைதாவுக்குக் கொழும்பில் குடல் ஒப்பரேஷன் நடந்தது. உயிரைக் காப்பாற்றிய டொக்டர்மார் வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு வாசலைத் திறந்துவிட்டு, இனிக் கழிவெல்லாம் இந்த வழியால்தான் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்த வாசலின் மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பை வேண்டும். கொஞ்ச நாள் கிளினிக்கில் கொடுத்தார்கள். பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. டொலரோடு கூடிக்கொண்டு பையும் போனது. ஜுனைதா சொப்பிங் பேக்கை வெட்டி, பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொள்ளப் பழகினாள். ஒட்டினது சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது. நிற்காத நேரம் எப்போது வரும் என்று தெரியாததால் அவள் வெளிவாசலைத் தாண்டுவதை விட்டுவிட்டாள்.

“போன்ல ஓடர் பண்ணினா வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்க வாப்பா,” என்று கிளினிக் மிஸ் சொல்லி, பையின் பெயர் அச்சடித்த பெட்டி மட்டையைக் கிழித்துக் கையில் கொடுத்தார். மட்டை முத்தலிபுவின் சட்டைப் பைக்குள் போனது. போன் ஏற்கனவே இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் ஸியாத் அனுப்பிய போன். அதில் மகனின் முகம் தெரியும்போது கதைப்பார். மற்ற நேரம் துணியால் சுற்றி வைப்பார்.

யாரிடமாவது கொடுத்துச் செய்விக்கலாம்தான். ஆனால் ஜுனைதா சத்தியம் வாங்கியிருந்தாள்.

“இந்தப் பை விசயம் ஒருத்தருக்கும் தெரியப்படாது. புள்ளைக்கும் சொல்லப்படாது. அவன் கலியாணம் முடிக்கப் போற நேரத்தில, உம்மாக்கு வகுத்தில ஓட்டை எண்டு மருமகள்ட சனம் கதைக்கணுமா?”

ஸியாத்துக்குக் கற்பிட்டியில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. லீவில் வந்து நிக்காஹ் முடித்து, லீவு தீர்ந்ததும் திரும்பிவிடுவான். இவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை; அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் பிறந்தவன். அவனுடைய கலியாணத்துக்கு உம்மா போக வேண்டும். பெண்டுகள் நெருக்கியடித்து இருக்கிற வேனில், கற்பிட்டி வரைக்கும், ஒட்டினது நிற்க வேண்டும். முத்தலிபு நிலையத்தின் படியேறியது இதற்காகத்தான்.

உள்ளே மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நடுவில் இணைப்பாளர் அத்தாஉல்லா. ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான் என்பதை ஒவ்வொரு வசனத்திலும் மறக்காமல் சொல்லிக்கொள்பவர். பக்கத்தில், கொழும்பிலிருந்து வந்த பாடத்திட்ட நிபுணர் ஷம்லா, மடிக்கணினியோடு.

“வகுப்பு எப்ப தொடங்கும் சேர்?” என்றார் முத்தலிபு.

“வகுப்பா?” என்றார் அத்தாஉல்லா, அண்ணன் முறை வைத்து. “முதல்ல பாடத்திட்டம் வேணுமே, நானா. தொடக்கநிலை ஆட்களுக்கு லேசா விளங்குற பாடத்திட்டம். மூத்த ஆட்கள் இல்லாம மூத்த ஆட்களுக்குப் பாடம் எழுதப்படாது எண்டு மேல இருந்து உத்தரவு. உங்களுக்கு இணையத்தில சாமான் வாங்கத் தெரியுமா?”

“தெரியாது சேர்.”

“ஒண்டுமே?”

“ஒண்டுமே.”

அத்தாஉல்லாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சுத்தமான தெரியாமை சந்தியிலிருந்து நேரே நடந்து வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. “விலாசம்?” என்று கேட்டு ஃபைலைத் திறந்தார்.

“பள்ளிவாசல் கிழக்கு வீதி, முள்ளிக்குடா, மன்னார்,” என்றார் முத்தலிபு, மூச்சுவிடாமல்.

அவருடைய வீடு நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் ஃபைலோடு இருக்கிற உத்தியோகத்தர் எவர் கேட்டாலும் மன்னார் விலாசத்தைத்தான் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனம் முழுவதும் அப்படித்தான். புத்தளத்து விலாசம் சொன்னால் அங்கே காணிப் பட்டியலில் பெயர் வெட்டுப்படும், வாக்காளர் இடாப்பில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயர் திரும்ப முளைத்ததாகச் சரித்திரம் இல்லை. மீன்காரன் கேட்டால் பாலாவி, ஃபைல்காரன் கேட்டால் மன்னார். யுத்தம் முடிந்தது, முகாம் முடிந்தது, சனாதிபதிமார் மாறினார்கள், இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. நித்திரையில் தட்டியெழுப்பிக் கேட்டாலும், கேட்டவர் கையில் ஃபைல் இருந்தால், முத்தலிபுவின் வாயிலிருந்து முள்ளிக்குடாதான் வரும்.

அத்தாஉல்லா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். முத்தலிபு அன்றிலிருந்து ‘தொடக்கநிலைப் பிரதிநிதி’ ஆனார்.

பெண்கள் தரப்புக்கு இன்னொரு பிரதிநிதி இருந்தார். கற்பிட்டிப் பக்கம் கருவாடு போடுகிற அல்பொன்சா, விதவை. “உங்களையும் பிடிச்சிட்டாங்களா அண்ணன்?” என்று முதல் நாளே கேட்டார். “நான் கருவாட்ட இதில விக்கலாமோ எண்டு கேக்க வந்தனான். வாங்குறதுக்குத்தான் திட்டமாம், விக்கிறதுக்கு வேற அமைச்சாம்.”

கூட்டங்கள் நடந்தன. மூத்தவர் என்றால் யார் என்று தீர்மானிக்க ஒரு கூட்டம். அத்தாஉல்லாவின் வயது எட்டிவிடாத ஓர் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் அது இருட்டும் வரை நீண்டது. அடுத்த கூட்டத்தில் எழுத்தின் அளவு. மூத்தோருக்குக் கண் மங்கல், ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்னும் பெரிதாக என்றார் மற்றவர். யாரும் மூத்தோருக்கு எதிரானவராகத் தெரிய விரும்பாததால் எழுத்து வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் கைநூல் அச்சாகி வந்தபோது பக்கத்துக்கு ஒரு சொல்தான் பிடித்தது. ‘கொள்வனவு’ என்ற சொல் மட்டும் ஒரு பக்கத்துக்குள் அடங்காமல், முதல் பாகத்தில் தொடங்கி இரண்டாம் பாகத்தில் முடிந்தது. பாகங்களை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து இறக்கினார்கள்.

பிறகு வண்டிப் பிரச்சினை. வாங்குகிற சாமானைப் போட்டு வைக்க போன் திரையில் ஒரு தள்ளுவண்டிப் படம் இருக்குமாம். புத்தளம் கரையோரத்தில் எந்த மூத்தவர் தள்ளுவண்டி தள்ளினார்? உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ப அந்த இடத்தில் பனையோலையில் பின்னிய உமல் பையின் படம் போட வேண்டும் என்று தீர்மானமானது. எந்த ஊர் உமல் என்பதில் இணக்கம் வராததால், உபகுழு ஒன்று வள்ளம் பிடித்து உச்சமுனைத் தீவுக்குக் களப் பயணம் போனது. பகல் நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, அங்கே இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் கூடைதான் பாவிக்கிறார்கள் என்ற கண்டுபிடிப்போடு திரும்பி வந்தது.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் முத்தலிபு கையை உயர்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“எந்த பட்டனை அமத்துறது சேர்?”

கூட்டக் குறிப்பில், ‘பிரதிநிதி ஆர்வத்துடன் பங்கேற்றார்’ என்று பதிவாகும்.

“விட்டுட்டு வாங்களேன்,” என்றாள் ஜுனைதா ஒரு பகல், சொப்பிங் பேக்கைக் கத்தரித்தபடி.

“வரிசையில நிண்டாச்சு. இடையில விலகினா பேர வெட்டிப் போடுவாங்க.”

அகதி வாழ்க்கை முத்தலிபுவுக்குக் கற்றுக்கொடுத்த ஒரேயொரு விஞ்ஞானம் அது. அரிசிக்கோ கொட்டில் மூடுகிற தறப்பாளுக்கோ கூரைத் தகட்டுக்கோ, வரிசை எங்கே போகிறது என்று கேட்கக்கூடாது, நிற்க வேண்டும்.

விபத்து அதற்குப் பிறகு நடந்தது. தேத்தண்ணி நேரத்தில் அல்பொன்சா தன் போனில் எதையோ தேடிக் காட்டிக்கொண்டிருந்தார். முத்தலிபு எட்டிப் பார்த்தார். “இந்தா அண்ணன், மேல இரிக்கிற இந்தப் பூதக்கண்ணாடிப் படத்தில தட்டி, சாமான்ட பேர எழுதோணும். பிறகு...”

“நிப்பாட்டுங்க!” அத்தாஉல்லா தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார். பாதி தேத்தண்ணி அவருடைய சேர்ட்டில். “என்ன வேல பாக்கிறீங்க அல்பொன்சா? அவருக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா?”

“சொல்லிக் குடுக்கத்தானே சேர் நிலையம்?”

அத்தாஉல்லா கதிரையை இழுத்து முத்தலிபுவின் எதிரே உட்கார்ந்தார். நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்கிற குரலில் கதைத்தார்.

“நானா, விளங்கிக்கொள்ளுங்க. பாடம் லேசா இரிக்கா எண்டு நாங்க எப்படிப் பாக்கிற? ஒண்டும் தெரியாத ஒருத்தருக்குக் காட்டித்தான் பாக்கணும். அந்த ஒருத்தர் நீங்க. எங்கட முழுத் திட்டமும் உங்கட தெரியாமையிலதான் நிக்குது. நீங்க படிச்சிட்டீங்க எண்டா நாங்க எல்லாரும் எங்க போற? எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இரிக்கு. உங்கட தெரியாமை இப்ப உங்கட சொந்தச் சொத்து இல்ல, நானா. அது நிலையத்துச் சொத்து.”

“அப்ப நான் எப்ப சேர் படிக்கிற?”

“நீங்க படிக்க ஏலாது. நீங்க குழு உறுப்பினர். உறுப்பினரே பயனாளியா வந்தா கணக்காய்வில கேள்வி வரும்.”

சொத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் அல்லவா? முத்தலிபுவின் போனை ஒரு கடித உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, நிலையத்து இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று பேர் கொண்ட குழு கூடினால் மட்டுமே உறையைத் திறக்கலாம். அங்குரார்ப்பண விழாவில், பிரதம அதிதியின் முன்னால், பாடத்திட்டத்தைக் கேட்டு முத்தலிபு தன் வாழ்க்கையின் முதல் கொள்வனவைச் செய்வார். காசு நிலையத்தின் அன்பளிப்பு. அது வரை அவர் கெடாமல் இருக்க வேண்டும்.

“என்ன வாங்கப் போறீங்க அங்கிள்?” என்று ஷம்லா கேட்டார், விழா நிரலில் எழுதிக்கொள்ள.

ஜுனைதாவுக்குக் கொடுத்த சத்தியம் இருந்தது. “குடை,” என்றார் முத்தலிபு.

பிரதம அதிதியின் வசதிக்காக விழா பின்போடப்பட்டது. பிறகு இன்னொரு முறையும். ஸியாத் லீவில் வந்து இறங்கினான். மகன் கட்டிப்பிடிக்க வந்தபோது ஜுனைதா ஒரு பக்கமாகத் திரும்பி, தோளை மட்டும் கொடுத்தாள். “உம்மா ஏன் விலகி விலகிப் போறா?” என்று அவன் வாப்பாவைக் கேட்டான். “ஒப்பரேஷன் செய்த உடம்பு, மகன்,” என்றார் முத்தலிபு. மகன் இருந்த நாட்களில் சொப்பிங் பேக் சரசரக்கிற சத்தம் கேட்காமல் இருக்க, ஜுனைதா ரேடியோவைப் போட்டே வைத்தாள்.

ஒருவழியாக விழா வந்தது. கலியாணத்துக்கு அதற்குப் பிறகு ஒரு கிழமைதான். பார்சல் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று ஷம்லா சொல்லியிருந்தார். நேரம் மட்டுமட்டாகக் கணக்கு வந்தது.

பிரதம அதிதி பேசினார். தன் தாயாருக்கு எல்லாவற்றையும் தானே வாங்கிக் கொடுப்பதாகவும், ஆகவே இந்தத் திட்டத்தின் அவசியத்தை நன்கு உணர்ந்திருப்பதாகவும் சொன்னார். அத்தாஉல்லா பேசினார்: “இந்தப் பாடத்திட்டத்தை உருவாக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இதைப் படிக்காமலே சாமான் வாங்கப் பழகிவிட்ட மூத்தோர் சிலர் இப்பகுதியில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அவர்களை இனங்கண்டு, மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவர நடவடிக்கை எடுக்கப்படும்.”

கைதட்டல். உறை திறக்கப்பட்டது. போன் படம் சுவரில் பெரிதாக விழுந்தது. முத்தலிபு மேடையேறினார்.

“சொல்லுங்க அங்கிள், குடைதானே?” ஷம்லாவின் விரல் போனுக்கு மேலே நின்றது.

முத்தலிபு சட்டைப் பையிலிருந்து வியர்வையில் மெதுத்துப்போன மட்டையை எடுத்து நீட்டினார். “இதை எழுதுங்க, மகள்.”

ஷம்லா வாசித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், எழுதினார். அவ்வளவு காலக் கூட்டங்களிலும் அந்த நிலையம் செய்த ஒரே உருப்படியான வேலை அந்தக் கேட்காமல் விட்டதுதான்.

சுவரில், ஆள் உயரத்துக்கு, தோல் நிறத்தில் ஒரு பை தோன்றியது. நடுவில் வட்டத் துவாரம். கண்ணாடி போடாத அத்தாஉல்லா கண்ணைச் சுருக்கினார்.

“இது... என்ன பை?”

பிரதிநிதிகளின் வரிசையிலிருந்து அல்பொன்சா எழுந்தார். அவருடைய புருஷன் கடைசிக் காலத்தில் இதே பையோடுதான் கட்டிலில் கிடந்தார். அதைக் கழுவிய கை, இப்போது சேலைத் தலைப்பை முறுக்கியது.

“ஹஜ்ஜுக்குப் போறவங்க இடுப்பில கட்டுற பை, சேர். பாஸ்போட் வைக்கிற.”

“மாஷா அல்லாஹ்!” என்றார் அத்தாஉல்லா ஒலிவாங்கியில். “மூத்தோரின் முதல் கொள்வனவே புனிதப் பயணத்துக்கு!” கைதட்டல் மண்டபக் கூரையை உலுக்கியது. பிரதம அதிதி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்த இரைச்சலில் அத்தாஉல்லா ஃபைலைக் கையில் எடுத்து, ஒலிவாங்கியை நீட்டினார்.

“விலாசம் சொல்லுங்க, நானா!”

முத்தலிபுவின் கண் ஃபைலில் விழுந்தது.

“பள்ளிவாசல் கிழக்கு வீதி, முள்ளிக்குடா, மன்னார்,” என்றார், மூச்சுவிடாமல்.

ஷம்லா எழுதினார். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. பட்டாசு கொளுத்தினார்கள். போனை, இறுதி மதிப்பீட்டுக்குத் தேவை என்று, திரும்பவும் உறையில் போட்டு முத்திரை குத்தினார்கள். ஷம்லா அன்று பின்னேரமே கொழும்புக்குப் போய்விட்டார்.

முத்தலிபு சந்தியில் காத்திருந்தார். பார்சல் கொண்டுவருகிற மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றையும் மறித்தார். இரவில் ஜுனைதா, “வருமா?” என்பாள். “ஓடர் பண்ணியாச்சு,” என்பார், சரியடையாளம் விழுந்த மனிசனின் பெருமையோடு. ஜுனைதா கலியாணத்துக்கு உடுக்கிற சாரியை எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டிலில் விரித்து வைத்தாள்.

கலியாணத்துக்கு முந்தின நாள் அவர் நிலையத்துக்கு ஓடினார். அத்தாஉல்லா கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“எப்பவோ குடுத்தாச்சே, நானா. பாருங்க, போட்டோவும் எடுத்திரிக்காங்க.”

படத்தில், இடுப்பளவு பற்றைக்கு நடுவே ஒரு கிணற்றுக் கட்டு. அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பார்சல். கட்டின் ஓரத்தில் உடைந்த இடம், வாளி வைக்க வசதியாக.

“அது என்ட கிணறு,” என்றார் முத்தலிபு.

“அதுதானே நானா உங்கட விலாசம்?”

“ஒரு போனாவது எடுத்திருக்கலாமே, அந்தக் கொண்டுபோன ஆள்.”

“எடுத்தாங்க, எடுத்தாங்க. உங்கட போன் அலுமாரிக்குள்ள கிடந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சிச்சு. நாங்க எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தம். முத்திரைய உடைக்க மூண்டு பேர் வேணும். ஒராள் லீவு.” பிறகு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: “கவலப்படாதீங்க. விலாசம் திருத்துறது இரண்டாம் கட்டத்தில வருது.”

மன்னாருக்கு நேரே போகிற காட்டு வழி மூடிக் கிடந்தது. அநுராதபுரம் சுற்றிப் போய், முள்ளிக்குடாவுக்கு வேறு பஸ் பிடித்து, விடியுமுன் திரும்பிவிட யாராலும் முடியாது.

அடுத்த நாள் வேன் வந்து வாசலில் நின்றது. பெண்டுகள் நெருக்கியடித்து ஏறினார்கள். ஜுனைதா சாரியை உடுத்து, கதவுக்குப் பின்னால் நின்றாள். அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை. “தலச்சுத்து எண்டு சொல்லுங்க,” என்றாள். மருமகளுக்குப் போட வைத்திருந்த தங்க மாலையை, சிவப்புப் பெட்டியோடு, புருஷனின் கையில் வைத்தாள். “யாராவது மாமி முறையில ஒராள் போடட்டும்.” ஸியாத் உள்ளே வந்து கெஞ்சினான், பிறகு கோபித்தான், பிறகு வேனில் ஏறினான். லீவு தீர்ந்து திரும்பும் வரை அந்த முகம் தெளியவேயில்லை.

அவன் போன பிறகு முத்தலிபு மன்னாருக்குப் போனார். பள்ளிவாசல் இருந்த இடம் தெரிந்தது. கிழக்கு வீதி தெரியவில்லை. முள்ளுப் பற்றையை விலக்கி உள்ளே போனார். திரும்பிப் போக அனுமதி கேட்டு அவர் கொடுத்த மனுக்களின் பிரதிகளை அடுக்கினால் அந்தக் கிணறு நிரம்பும். காணி காட்டு இலாகாவுக்குரியது என்றும், இல்லை என்றும், பரிசீலனையில் உள்ளது என்றும் பதில் வந்திருந்தது. இப்போது அங்கே கிணற்றுக் கட்டில் பார்சல் நிம்மதியாக இருந்தது. மேலே அவருடைய பெயர் இருந்தது. அந்த விலாசத்தில் வெற்றிகரமாக மீள்குடியேறிய முதல் ஆள் அதுதான். மழையும் வெயிலும் ஒரு மூலையை மட்டும் கறுப்பாக்கியிருந்தன. உள்ளே பைகள் பழுதில்லை.

வீட்டுக்கு வந்து ஜுனைதாவின் கையில் கொடுத்தார். அவள் பிரித்து, ஒன்றை எடுத்து, விரலால் தடவிப் பார்த்தாள். மிருதுவாக இருந்தது. சொப்பிங் பேக் மாதிரிச் சரசரக்கவில்லை.

“நல்ல சாமான்,” என்றாள்.

“போடு. போட்டுக்கொண்டு வா. பஸ்ஸில கற்பிட்டிக்குப் போய் மருமகளப் பாத்திட்டு வருவம்.”

“இப்ப போய் என்னத்த சொல்லுற? தலச்சுத்து நிண்டிட்டு எண்டா?”

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். நிலையத்திலிருந்து அத்தாஉல்லாவே வந்திருந்தார், கையில் முத்திரை குத்திய உறையோடு. போனைத் திருப்பித் தரத்தான் வந்ததாக முத்தலிபு நினைத்தார்.

“இல்ல நானா, உறை பத்திரமா இரிக்கு எண்டு உங்களுக்குக் காட்டிட்டுப் போக வந்தனான். இரண்டாம் கட்டம் தொடங்குது. எனக்கும் சேவை நீடிப்புக் கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். நல்லா விசாரிச்சுப் பாத்தம், உங்களளவு தெரியாத ஒராள் புத்தளம் மாவட்டத்திலேயே இல்ல.” ஃபைலைத் திறந்தார். “விலாசம் அதேதானே?”

முத்தலிபு திரும்பி, வீட்டுக்குள் பார்த்தார். ஜுனைதா பைகளைத் திரும்பவும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு உடுத்த சாரிக்குக் கீழே, அலுமாரியின் அடித்தட்டில் பெட்டியை வைத்தாள்.

“என்ன செய்யிற, ஜுனைதா?”

“நல்லத எதுக்கு இப்ப சும்மா வீட்டில இருக்கக்குள்ள பாழாக்கிற? வெச்சிருப்பம். ஸியாத் அடுத்த லீவில வரக்குள்ள போட.”

அவள் அலுமாரியைப் பூட்டினாள். பிறகு அறைக்குள்ளிருந்து, சொப்பிங் பேக் சரசரக்கிற சத்தமும், அதற்குப் பின்னால் பிளாஸ்டரைக் கிழிக்கிற சத்தமும் வந்தன.